கெரம் பலகையும் முதல் வாக்கும்

காரைதீவு என்றவுடன் வாசகர்களிற் பலருக்கு விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கை ஊரே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்து முதியவர்கள் காரைநகரின் பழைய பெயரை நினைத்துக்கொள்ளவும் கூடும். நாம் எழுதப் புகுந்தது அவ்விரண்டையும் பற்றியன்று. புத்தளம் மாவட்டத்தின் வடகரையிலே, வில்பத்துக் காட்டுக்குத் தெற்கே, கடனீரேரியை நோக்கி அமைந்திருக்கும் கரைத்தீவு என்னும் சிற்றூரைப் பற்றியது. புத்தளம் நகரிலிருந்து பழைய மன்னார் வீதியிற் புறப்பட்டு, வண்ணாத்திவில்லுவைக் கடந்து, செம்மண் நிலத்தையும் மரமுந்திரிகைத் தோட்டங்களையும் பார்த்தவாறு சென்றால் இவ்வூருக்கு வழி பிரியும். இறாலும் நண்டும் மீனுமே இங்குள்ளோரின் பிழைப்பு.

2025 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் நண்பரொருவர் வீட்டுக் கலியாணத்துக்காக நாம் அங்கே சென்றிருந்தோம். மாலையில் கரையோரமாக நடந்து சென்றபோது, வாடியொன்றின் நிழலில் ஏழெட்டு இளைஞர்கள் கெரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை பழையது. மூலைப் பைகளுள் இரண்டு கிழிந்து, மீன் வலைத் துண்டால் தைக்கப்பட்டிருந்தன. ஆட்டம் முடிந்து பலகையைச் சுவரிற் சாய்த்தபோது அதன் அடிப்புறத்தில் வெள்ளை வர்ணத்தால் எழுதிய பெயரொன்று பாதி சுரண்டப்பட்ட நிலையிற் கண்ணிற் பட்டது. அஃது யாருடைய பெயரென்று வினவினோம்.

"முந்தின தேர்தலிலே நின்றவர், சேர். பலகை தந்தார். பிறகு ஆள் இந்தப் பக்கம் வரவில்லை" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்போடு விடயம் முடிந்திருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டோம். அன்று காலையில் இன்னோர் அபேட்சகரின் ஆட்கள் வந்து போயிருந்தார்களாம். கழகத்துக்குப் புதிய பலகையொன்று, கரப்பந்து வலையொன்று, பதினைந்து பேருக்குச் சீருடை. இவ்வளவும் தருவதாகச் சொன்னார்களாம். பதிலாகக் கழகத்துப் பிள்ளைகள் மூன்று நாட்களுக்குத் தங்கள் மோட்டார் சைக்கிள்களோடு ஊர்வலத்துக்கு வரவேண்டும். வாங்குவதா, விடுவதா என்பதிற் கழகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. "அவருடைய பொருளை வாங்கிக்கொண்டு நமக்கு விருப்பமானவருக்குப் போடலாமே" என்றது ஒரு பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையொருவன் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தான். அவனுக்கு அதுவே முதல் வாக்கு.

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "மகன், நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், கேள். போன பாராளுமன்றத் தேர்தலுக்கு உலருணவுப் பொதியொன்று தந்தார்கள். ஐயாயிரம் ரூபா பெறும். அதை ஐந்து வருஷத்துக்குப் பிரித்துப் பார். நாளொன்றுக்கு மூன்று ரூபாவும் வராது. ஒரு பிளேன் டீக்குக் காணுமா?" என்றார்.

எந்தப் பொருளியற் பேராசிரியரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த முதியவரின் கணக்கைக் கையிற் கொண்டே மற்றவற்றையும் நாம் பார்க்கலாம்.

கெரம் பலகை அற்பமான பொருளென்று வாசகர்கள் எண்ணவேண்டாம். அந்த மாதம் முடிவதற்குள், மே 29 ஆந் திகதி, கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூவர் கொண்ட விசேட ஆயம் தீர்ப்பொன்றை வழங்கியது. 2015 ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு விளையாட்டுக் கழகங்களுக்குப் பகிர்வதற்காக 14,000 கெரம் பலகைகளும் 11,000 தாம் பலகைகளும் சதொச நிறுவனத்தின் மூலம் கொள்வனவு செய்யப்பட்டன என்பதும், அதனால் அரசுக்கு ஐந்து கோடியே முப்பது இலட்சம் ரூபா அளவில் நட்டம் ஏற்பட்டது என்பதும் வழக்கு. அப்போது விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த மகிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டுகளும், சதொசவின் தலைவராயிருந்து பின்னர் அமைச்சரான நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டுகளும் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஏனெனில் அதே 2015 தேர்தல் தொடர்பான சில் துணி வழக்கில், 2017 செப்டெம்பரிற் குற்றவாளிகளாகக் காணப்பட்ட உயர் உத்தியோகத்தர் இருவரை 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது.

சட்டத்தின் முடிவு எவ்வாறாயினும், ஒரு விடயம் நம் சிந்தையை விட்டு அகலவில்லை. பக்தர்களின் வாக்குக்குச் சில் துணி. இளைஞர்களின் வாக்குக்குக் கெரம் பலகை. இன்னாருக்கு இன்ன இரை என்று யாரோ ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருக்கிறார். தூண்டிற்காரனுக்கு மீனின் பசி தெரியும் என்பதைக் கரைத்தீவாருக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த இரை வாங்கிய பணமும் வெளியார் பணமன்று. பொதுப் பணத்தில் வாங்கிய பலகையைப் பொதுமக்களுக்கே கொடுத்து நன்றியுடன் வாக்களிக்கச் சொல்வதை என்னவென்று கூறுவது!

பணம் இவ்வளவு தேவைப்படுவது ஏன் என்பதையும் பார்க்க வேண்டும். அபேட்சகர்கள் எல்லோரும் பிறவியிலேயே தீயவர்கள் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் நாம் வகுத்துக்கொண்ட தேர்தல் முறைக்கும் அதிற் பங்கு உண்டு.

முன்னாளிற் புத்தளம் ஒரு தனித் தொகுதி. அபேட்சகர் தமது தொகுதியின் ஊர்களை வலம் வந்தாற் போதும். வாக்காளருக்கும் அவருடைய குலம் கோத்திரம் எல்லாம் தெரியும். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1989 பொதுத் தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோது விருப்பு வாக்கும் உடன் வந்தது. அன்றிலிருந்து அபேட்சகர் ஒருவர் மாவட்டம் முழுவதிலும், தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்து எல்லை வரை, தமது இலக்கத்தைப் பிரசித்தம் செய்தாக வேண்டும். எதிர்க்கட்சியாரோடு மட்டுமா போட்டி? தமது கட்சிப் பட்டியலிலேயே உள்ள சகபாடியோடும் போட்டி. ஆறரை இலட்சம் வாக்காளர் உள்ள மாவட்டத்திற் சுவரொட்டிக்கும் வாகனத்துக்கும் சாப்பாட்டுப் பொதிக்கும் பணம் எங்கிருந்து வரும்? மணல் அனுமதிப்பத்திரம் வேண்டுபவரிடமிருந்தும், வீதி ஒப்பந்தம் வேண்டுபவரிடமிருந்தும் வரும். அவர்கள் கொடுப்பது நன்கொடை என்று பெயர் பெற்றாலும் உண்மையிற் கடன். தேர்தல் முடிந்தபின் அக்கடனைத் திருப்பிக் கட்டுபவர்கள் ஊரார்.

விந்தை என்னவெனில், செலவுக்குத் தடை இல்லாத நிலை நமக்குப் புதிதாக ஏற்பட்டது. பிரித்தானியர் தங்கள் நாட்டில் 1883 ஆம் ஆண்டிலேயே அபேட்சகரின் செலவுக்கு வரம்பு கட்டினார்கள். அந்த வழியைப் பின்பற்றி, 1946 ஆம் ஆண்டின் இலங்கைப் பாராளுமன்றத் தேர்தற் கட்டளையும் செலவுக் கணக்குக் கேட்டது. 1981 ஆம் ஆண்டிற் புதிய தேர்தற் சட்டம் வந்தபோது அந்தக் கணக்கு நழுவிப் போயிற்று. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம்தான் அதை மீட்டுத் தந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் என்றால், கரைத்தீவில் அன்று பிறந்த குழந்தை வளர்ந்து கலியாணம் முடித்துத் தன் பிள்ளையையும் வாக்குச் சாவடிக்கு அனுப்பும் காலம்.

புதிய சட்டத்தின்படி 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று வரம்பு குறிக்கப்பட்டது. அரைக் கிலோ அரிசிக்குப் போதுமோ போதாதோ என்ற தொகை. ஆயினும் 1,71,40,354 வாக்காளரால் அதைப் பெருக்கினால் ஓர் அபேட்சகர் 186 கோடி ரூபாவுக்கு மேற் செலவழிக்கலாம். வரம்பே இதுவென்றால் வரம்பில்லாக் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அரச திணைக்களங்கள், பிறநாட்டு அரசுகள், பிறநாட்டுக் கம்பனிகள், பெயர் தெரியாதவர்கள் ஆகியோரிடமிருந்து பணம் பெறுதலும் தடுக்கப்பட்டிருக்கிறது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கை அபேட்சகர் ஒப்படைக்க வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வையிடலாம்.

நாம் கெரம் ஆடிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. "எங்களுக்குக் காட்டுவார்களா, சேர்?" என்று கேட்டார்கள். பார்க்கச் செல்பவர் மிகச் சிலராயிருப்பதுதான் குறை. தராசை யாரும் தொட்டுப் பாராத சந்தையிற் படிக்கல் தேய்வது இயல்பே.

சாப்பாட்டுப் பொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாக்கைக் கருதி உணவும் பானமும் வழங்குதல் நம் தேர்தற் சட்டத்தில் இலஞ்சத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் குற்றம். அந்த நோக்கத்தை அறிந்து வாங்கி உண்ட வாக்காளரும் குற்றத்துக்கு உட்படுவார். "வாங்கிக்கொண்டு மற்றவருக்குப் போடலாம்" என்ற அந்தச் சாமர்த்தியக்காரப் பிள்ளைக்கு இச்செய்தி அவ்வளவாக ருசிக்கவில்லை.

வயதைப் பற்றிச் சொல்லும்போது 1959 ஆம் ஆண்டை நினைவுகூராமல் இருக்க முடியாது. 1931 இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது வாக்களிக்கும் வயது 21. அதை 18 ஆகக் குறைத்த சட்டம் 1959 இல் நிறைவேறியது. அக்காலத்திற் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் வேறு யாருமல்லர். புத்தளம் தொகுதியின் பிரதிநிதி எச். எஸ். இஸ்மாயில் அவர்கள். 1960 மார்ச்சில் நம் பதினெட்டு வயதினர் வாக்களித்தபோது பிரித்தானியாவில் அவ்வயதினருக்கு வாக்கு இல்லை. அங்கே 1969 இல் வந்தது. அமெரிக்காவில் 1971. இந்தியாவில் 1989. உலகுக்கு முன்னே நடந்தோம் என்று நாம் பெருமை கொள்ள இதுவுமொரு காரணம்.

அதே 1959 இல் இன்னொன்றும் நடந்தது. பாராளுமன்ற உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றனரா என்று ஆராயத் தல்கொடபிட்டிய ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. குற்றம் கண்டதாக அறிக்கை வந்தது. 1965 இல் தனிச் சட்டமொன்றால் அவர்களுடைய அரசியல் உரிமைகள் தடுக்கப்பட்டன. அச்சட்டத்தை எதிர்த்து இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று பார்த்தும் பயனில்லாது போயிற்று. இளைஞருக்கு வாக்கும் இலஞ்சத்துக்கு விசாரணையும் ஒரே ஆண்டிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இரண்டும் கைகோத்து வளரவில்லை என்பதே நம் வரலாறு. வாக்கு இருந்தும் வேலைக்கு மந்திரியின் கடிதம் வேண்டுமென்ற நிலை வந்தபோது, தென்னிலங்கை இளைஞரிற் பல்லாயிரவர் 1971 இலும் பின்னர் 1987 முதல் 1989 வரையும் வேறு வழியை நாடி மாண்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழு 1990 இல் வெளியிட்ட அறிக்கையில், எல்லாவற்றையும் அரசியல்மயமாக்கியதே பெருங் குறையென்று கூறிற்று. உள்ளூராட்சிப் பட்டியல்களில் நூற்றுக்கு 40 பேர் இளைஞராயிருக்க வேண்டுமென்ற விதி அதன் பயனாக வந்தது. பிற்காலத்தில் அவ்விதி தளர்ந்து போய், 2025 தேர்தலுக்கு நூற்றுக்கு 25 என்ற அளவில் மீண்டது. இளைஞரின் வயதை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ் சரியாக இணைக்கப்படவில்லை என்று வேட்புமனுக்கள் பல நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் வரை அந்த விவகாரம் சென்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பட்டியலை நிரப்பப் பெரியவரின் மருமகனையும் சாரதியையும் பிடித்துப் போடுகின்ற கட்சிகள் இல்லாமலும் இல்லை.

புத்தளத்தாருக்கு இவ்விடயத்திற் சொந்த அனுபவமே போதும். கொழும்பில் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின், தலைநகரத்துக் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் தூரத்துக்குக் கொண்டுவந்து, கரைத்தீவுக்கு அயலிலுள்ள அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கற் குழிகளிற் கொட்டும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 2018 இலும் 2019 இலும் புத்தளம் நகரிலே மக்கள் நாட்கணக்காக அமர்ந்து எதிர்த்தார்கள்; இளைஞரும் மாணவரும் முன்னணியில் நின்றார்கள். 2019 ஆகஸ்டிற் குப்பை லொறிகள் வந்தே விட்டன. எங்களுக்காகச் சபையில் எழுந்து பேச ஒருவர் இல்லையே என்ற ஏக்கம் அன்று பலருக்கு இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மாவட்டத்து முஸ்லிம்கள் தேர்தலில் நேரே ஒருவரையும் தெரிவு செய்திருக்கவில்லை. 2020 இல் வாக்குகளைச் சிதறவிடாமற் சேர்த்து ஒருவரை அனுப்பினார்கள். 2023 மே மாதம் அவ்வுறுப்பினர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்துடனும் 91 கைத்தொலைபேசிகளுடனும் பிடிபட்டார். அவை தம்முடையவையல்ல என்பது அவர் கூறிய விளக்கம். சுங்கத்துக்கு 75 இலட்சம் ரூபா தண்டம் கட்டி, மறுநாள் பாராளுமன்றத்துக்குச் சென்று வாக்களிப்பிலும் கலந்துகொண்டார். அவர் பெயரை இங்கே எழுதவேண்டிய தேவையில்லை. அன்றிரவு கரைத்தீவிலும் கற்பிட்டியிலும் வீடுகளில் நிலவிய மௌனத்தை நாம் அறிவோம். முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்தது அது.

அயல்நாட்டாரைப் பார்த்து ஆறுதல் அடையவும் வழியில்லை. தமிழ்நாட்டில் 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் சூத்திரம்" என்று ஒரு சொற்றொடரே பிறந்தது. உறையிலிட்ட பணம் வீடு தேடி வந்தது என்பது அதன் பொருள். பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரலில் ஆர். கே. நகர் இடைத்தேர்தலும், 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்திவைக்கப்பட்டன. கொடுத்தவர் பெயரை மறைத்துக் கட்சிகளுக்கு நிதி வழங்க உதவிய தேர்தற் பத்திரத் திட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15 ஆந் திகதி செல்லாதென்று தள்ளியது.

இளைஞர் விழித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 இல் காலிமுகத் திடலிற் கூடாரமடித்தவர்களிற் பெரும்பாலோர் இளம் வயதினர். அவ்வாண்டு ஜூலை 14 ஆந் திகதி ஜனாதிபதி பதவி துறந்தார். 2020 பொதுத் தேர்தலில் மூன்று ஆசனங்களே பெற்ற கூட்டணியொன்று 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்றது. பணத்தை வாரியிறைத்துப் பழகிய பலர் அவ்வெள்ளத்தில் அள்ளுண்டு போனார்கள். நாம் எக்கட்சிக்கும் பரிந்து இதைக் கூறவில்லை. வென்றவர்களின் கணக்கையும் அதே கண்ணால் பார்க்க வேண்டியவர்கள் வாக்களித்த அதே இளைஞர்கள். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சுவரொட்டிக்குச் செலவான பணம் இப்போது கைத்தொலைபேசிக்குள் விளம்பரமாக வந்து நுழைகிறது. மதிலில் ஒட்டியதைக் கிராமமே பார்க்கும்; கைத்தொலைபேசியில் வருவதை ஒருவன் தனியே பார்ப்பான். ஊர் எண்ண முடியாத செலவு அது.

கரைத்தீவுப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். அன்றிரவு கலியாண வீட்டுப் பந்தலில் அவர்களுட் சிலரை மறுபடி கண்டோம். கழகம் கூடியதாம். சீருடை வேண்டும் என்று நால்வர் கடைசிவரை பிடிவாதமாக நின்றார்களாம். அந்த நால்வர் மேலும் நமக்குக் கோபமில்லை. அயலூர்க் கழகத்தோடு ஆடப் போகையில் ஆளுக்கொரு நிறத்திற் சட்டை அணிந்து நிற்பதன் கூச்சம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். ஆயினும் பெரும்பான்மை வேண்டாம் என்றது. ஆளுக்கு இருநூறு ரூபா போட்டுக் கரப்பந்து வலை மட்டும் வாங்குவதென்று முடிவாயிற்று. வலை கட்டத் தெரிந்த ஊரில் வலையை ஏன் கடையில் வாங்குகிறீர்கள் என்று அந்த முதியவர் ஏசினாராம். அதனால் இருநூறும் மிச்சமாயிற்று.

மறுநாள் காலை நாம் புறப்படும்போது, முதல் வாக்குக்காரப் பிள்ளை வீதி முனையில் நின்றிருந்தான். கையிற் பழைய அப்பியாசக் கொப்பியொன்று. கணிதப் பாடம் முடிந்த பக்கத்துக்குப் பின் கோடு போட்டுப் பிரித்திருந்தான்: திகதி, அபேட்சகரின் இலக்கம், வாகனம், ஒலிபெருக்கி, சாப்பாடு, மற்றவை. 21 நாள் முடிந்ததும் கணக்குப் பார்க்க எங்கே செல்ல வேண்டும் என்று கேட்டான். கச்சேரியில் தேர்தல் அலுவலகத்தை விசாரிக்குமாறு சொன்னோம். பஸ் வரும் வரை நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி பூட்டிய வான் ஒன்று செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு கடந்து சென்றது. அவன் பேச்சை நிறுத்திவிட்டு, அதன் இலக்கத்தகட்டைப் பார்த்து எழுதிக்கொண்டான்.